நரம்புக் குருத்தணுக்களில் வினைமிகு ஆக்சிசன் இனங்களின் பங்கு

வினைமிகு ஆக்சிசன் இனங்கள் என்பது, ஆக்சிசனிலிருந்து உயிரணுக்களுக்குள் உண்டாகி எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளின் பொதுப்பெயர் ஆகும். சூப்பராக்சைடு, ஐதரசன் பெராக்சைடு, ஐதராக்சில் தனியுறுப்பு ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. உயிரணுவைச் சிதைக்கும் கழிவுகள் என்றே இவை நெடுங்காலம் கருதப்பட்டன. மூளையில் புதிய நரம்பணுக்களைத் தோற்றுவிக்கும் நரம்புக் குருத்தணுக்களைப் பற்றிய ஆய்வுகள் இந்தக் கருத்தை மாற்றியுள்ளன. ஒரு குருத்தணு உறங்கிக் கிடப்பதா, பிரிந்து பெருகுவதா, நரம்பணுவாக மாறுவதா என்பதைத் தீர்மானிக்கும் சமிக்ஞைகளாகவும் இம்மூலக்கூறுகள் செயல்படுகின்றன. எவ்வளவு, எங்கே, எப்போது என்பதைப் பொறுத்து ஒரே மூலக்கூறு நேரெதிரான விளைவுகளைத் தருகிறது. மூளைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு மருத்துவம் முதல் மருந்துக் கடைகளில் விற்கும் எதிர் ஆக்சிசனேற்றி மாத்திரைகள் வரை பலவற்றையும் இது தொட்டுச் செல்கிறது.

ஆக்சிசன் இனங்கள் உருவாகும் விதம்

உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே உள்ள மனித மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இந்த ஆக்சிசனின் பெரும்பகுதி, மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகளில் எலக்ட்ரான்களை ஏற்று நீராக மாறுகிறது. சிறு பகுதி வழியிலேயே ஓர் எலக்ட்ரானைப் பெற்றுச் சூப்பராக்சைடு ஆகிவிடுகிறது. சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு என்னும் நொதி அதனை ஐதரசன் பெராக்சைடாக மாற்றும். பிறகு கேட்டலேசு, குளுட்டாத்தயோன் பெராக்சிடேசு, பெராக்சிரெடாக்சின் முதலிய நொதிகள் அதை நீராக்கிவிடும். இடையில் இரும்பு அயனி குறுக்கிட்டால் ஐதரசன் பெராக்சைடு உடைந்து ஐதராக்சில் தனியுறுப்பு உண்டாகும். இது பிறந்த இடத்திலேயே, நானோநொடி அளவிலான நேரத்திற்குள், அருகில் இருப்பது டி.என்.ஏ. ஆனாலும் கொழுப்பு ஆனாலும் தாக்கிவிட்டு மறையும். சமிக்ஞை கடத்துவதற்கு இத்தகைய மூலக்கூறு உதவாது. மின்சுமை இல்லாததும், சவ்வுகளைக் கடக்கக் கூடியதும், ஒப்பளவில் நிதானமானதுமான ஐதரசன் பெராக்சைடே அந்தப் பணிக்கு ஏற்றது. இக்கட்டுரையில் சமிக்ஞை என்று வரும் இடங்களில் பெரும்பாலும் அதுவே கருதப்படுகிறது.

ஆக்சிசனின் நச்சுத்தன்மைக்குத் தனியுறுப்புகளே காரணம் என்ற கருத்தை ரெபெக்கா கெர்ஷ்மனும் அவருடன் பணியாற்றியோரும் 1954-இல் முன்வைத்தனர். முதுமைக்கும் அவையே காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். 1969-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிசுமியூட்டேசைக் கண்டறிந்தனர். சூப்பராக்சைடை அழிக்கவென்றே ஒரு நொதி இருக்கிறது என்பது அதன் தீமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

ஆனால் உயிரணு இவற்றைத் தானே விரும்பித் தயாரிக்கவும் செய்கிறது. நாக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேசு நொதிக் குடும்பத்திற்குச் சூப்பராக்சைடோ ஐதரசன் பெராக்சைடோ உண்டாக்குவதுதான் வேலை. இக்குடும்பத்தின் நாக்ஸ்-2, வெள்ளையணுக்கள் தாம் விழுங்கிய கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் ஆயுதமாக முதலில் அறியப்பட்டது. இத்தொகுதியில் குறையுடன் பிறக்கும் குழந்தைகள் நாள்பட்ட குருமணி நோயால் அடிக்கடி கடும் தொற்றுக்கு ஆளாகின்றனர். அதே நொதி பின்னர் நரம்புக் குருத்தணுக்களிலும் காணப்பட்டது. கிருமி எதுவும் இல்லாத இடத்தில் இந்த ஆயுதம் எதற்கு என்ற கேள்வியே இத்துறையின் முக்கியமான ஆய்வுகளுக்கு வழிவகுத்தது.

நரம்புக் குருத்தணுக்கள் இருக்குமிடம்

தன்னைப் போன்ற உயிரணுக்களையே மீண்டும் உண்டாக்குவதும், நரம்பணு, ஆஸ்ட்ரோசைட்டு, ஒலிகோடென்ட்ரோசைட்டு ஆகிய மூன்று வகைகளாகவும் மாறக்கூடியதும் ஆன உயிரணு நரம்புக் குருத்தணு எனப்படும். கருவின் மூளையில் இவை ஏராளமாக உள்ளன. பெருமூளைப் புறணி முழுவதும் இவற்றின் வழித்தோன்றல்களால் கட்டப்படுகிறது. வளர்ந்த பாலூட்டியின் மூளையில் புது நரம்பணு தோன்றாது என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அசைக்க முடியாத பாடமாக இருந்தது. 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் எலிகளில் அதற்கு மாறான சான்றுகளை வெளியிட்டார். கோபால் தாஸ் என்பவருடன் சேர்ந்து அவர் 1965-இல் வெளியிட்ட ஹிப்போகாம்பசு பற்றிய கட்டுரை இன்று அடிப்படை நூலாக மதிக்கப்பட்டாலும், அன்று பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. 1992-இல் பிரென்ட் ரெனால்ட்சும் சாமுவேல் வைசும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து குருத்தணு இயல்புள்ள உயிரணுக்களைப் பிரித்து, வளர்ப்புத் தட்டில் மிதக்கும் சிறு உருண்டைகளாக வளர்த்துக் காட்டிய பிறகே நிலைமை மாறியது.

வளர்ந்த கொறிணிகளில் இக்குருத்தணுக்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் வாழ்கின்றன. ஒன்று, மூளையின் பக்க நீரறைகளின் சுவரை ஒட்டிய அடுக்கு. இங்கே பிறக்கும் இளம் நரம்பணுக்கள் நெடுந்தொலைவு நகர்ந்து மோப்பக் குமிழைச் சென்றடைகின்றன. மற்றொன்று, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பசின் டென்டேட் மடிப்பு. இங்கே பிறப்பவை அருகிலேயே தங்கிப் புதிய நினைவுகளைப் பழையவற்றிலிருந்து பிரித்தறிய உதவுகின்றன. ஆக்சிசன் இனங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டு இடங்களும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. அது பின்னர் விளக்கப்படும்.

ஐதரசன் பெராக்சைடு எவ்வாறு செய்தியாகிறது?

புரதங்களில் உள்ள சிசுட்டீன் என்னும் அமினோ அமிலத்தின் நுனியில் ஒரு கந்தக அணு உள்ளது. ஐதரசன் பெராக்சைடு அதனை ஆக்சிசனேற்றினால் புரதத்தின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் வேலையும் மாறும். தயோரெடாக்சின் போன்ற புரதங்கள் பிறகு அதைப் பழைய நிலைக்கு மீட்டுவிடும். ஆகவே இதை விளக்குப் பொத்தானைப் போல அழுத்தவும் விடுவிக்கவும் முடியும்.

நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு பி-டென் என்னும் நொதி. வளர்ச்சிக் காரணிகள் உயிரணுவின் வெளிச்சவ்வில் வந்து சேரும்போது பி.ஐ.3 கைனேசு, ஏ.கே.டி. என்ற வரிசையில் ‘பிரிந்து பெருகு’ என்னும் கட்டளை உள்ளே கடத்தப்படுகிறது. இந்த வரிசைக்குத் தடை போடுவது பி-டென். ஐதரசன் பெராக்சைடு பி-டென்னின் 124-ஆவது சிசுட்டீனையும் 71-ஆவது சிசுட்டீனையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும்போது நொதி முடங்கி, தடை விலகுகிறது. வளர்ச்சிக் காரணி வந்தவுடன் நாக்ஸ் நொதி சிறிது பெராக்சைடைச் சுரப்பது, வேகமெடுப்பதற்கு முன் தடைக்கட்டையை நகர்த்துவது போன்றது.

இந்த விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பல பாடநூல்கள் அதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. பெராக்சிரெடாக்சின்கள் ஐதரசன் பெராக்சைடோடு வினைபுரியும் வேகம், பி-டென் போன்ற புரதங்கள் வினைபுரியும் வேகத்தை விட இலட்சக்கணக்கான மடங்கு மிகுதி. பெராக்சிரெடாக்சின்கள் உயிரணுவில் ஏராளமாகவும் உள்ளன. அப்படியானால் பி-டென்னை அடையும் முன்பே பெராக்சைடு முழுவதும் தீர்ந்துபோக வேண்டுமே! இதற்கு இரண்டு விடைகள் தரப்படுகின்றன. முதலாவது, நாக்ஸ் நொதி இலக்குப் புரதத்தின் மிக அருகில் அமர்ந்து சுரப்பதால் அந்தச் சிறு வட்டாரத்தில் மட்டும் செறிவு உயர்கிறது. இரண்டாவது, பெராக்சிரெடாக்சினே செய்தியை வாங்கி இலக்கிடம் கைமாற்றுகிறது. எசு.டி.ஏ.டி.-3 என்ற படியெடுத்தல் காரணிக்குப் பெராக்சிரெடாக்சின்-2 இவ்வாறு ஆக்சிசனேற்றத்தைக் கைமாற்றுவது 2015-இல் காட்டப்பட்டது. பாதுகாவலன் என்று பெயரெடுத்த புரதம் தூதனாகவும் இருப்பது இத்துறையின் அழகான திருப்பங்களில் ஒன்று.

செறிவு எவ்வளவு என்பதும் முக்கியம். ‘ஆக்சிசனேற்ற அழுத்தம்’ என்ற சொல்லை 1985-இல் வரையறுத்த ஹெல்முட் சீசின் மதிப்பீட்டின்படி, உயிரணுவுக்குள் ஐதரசன் பெராக்சைடின் இயல்பான செறிவு 1 முதல் 10 நானோமோலார் வரை. ஏறக்குறைய 100 நானோமோலாரைக் கடக்கும்போது அழுத்தமும் சேதமும் தொடங்குகின்றன. சமிக்ஞைக்கும் சேதத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகப் பெரிதன்று.

நீரறைச் சுவரில்: மிகுந்தால் பெருக்கம்

இரத்தக் குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் ஆக்சிசன் குறைந்த சூழலில் வாழ்கின்றன. அவற்றில் ஆக்சிசன் இனங்கள் குறைவாக இருந்தால்தான் அவை நீடிக்கும் என்பது 2000-களில் உறுதியாகியிருந்தது. எல்லாக் குருத்தணுக்களுக்கும் இதுவே பொருந்தும் என்று பலரும் எடுத்துக்கொண்டனர். 2011-இல் லாஸ் ஏஞ்சலீசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹார்லி கோர்ன்பிளம் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேனல் லெ பெல் முதலானோர் வெளியிட்ட முடிவு அதற்கு மாறாக இருந்தது. பெருகிக்கொண்டும் தம்மைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்த நரம்பு முன்னணுக்களில் ஆக்சிசன் இனங்களின் அளவு உயர்ந்திருந்தது. அந்த அளவைச் சற்று உயர்த்தியபோது தன் புதுப்பிப்பும் நரம்பணு ஆக்கமும் கூடின. மருந்தாலோ மரபணு மாற்றத்தாலோ அளவைக் குறைத்தபோது குருத்தணுக்களின் இயல்பான செயல்பாடு வளர்ப்புத் தட்டிலும் உயிருள்ள விலங்கிலும் பாதிக்கப்பட்டது. இந்த விளைவு பி.ஐ.3 கைனேசு, ஏ.கே.டி. வழியைச் சார்ந்திருந்ததால், மேலே கூறிய பி-டென் பொத்தானுடன் அது பொருந்திவந்தது.

தீங்கு என்று எண்ணப்பட்டதைக் குறைத்தால் நன்மை கூடவில்லை, குருத்தணு தளர்ந்தது என்பதே இவ்வாய்வின் மையம். ஆயினும், ‘மிகுந்தால் பெருக்கம், குறைந்தால் ஓய்வு’ என்று இதைப் பொதுவிதியாக்கியது அவசரம் என்பது பத்தாண்டுகளில் தெரிந்தது.

ஹிப்போகாம்பசில்: மிகுந்தால் உறக்கம்

திரெசுடன் நகரில் கெர்ட் கெம்பர்மன் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த சுண்டெலியின் ஹிப்போகாம்பசு முன்னணுக்கள் ஆக்சிசன் இனங்களின் அளவைக் கொண்டு வகை பிரிக்கப்பட்டன. பெருகும் உயிரணுக்களில் அளவு உயர்ந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ தலைகீழான முடிவு: மிக உயர்ந்த அளவு காணப்பட்டது உறங்குநிலையில் இருந்த முன்னணுக்களில்தான். பெருகத் தொடங்கியவற்றிலும் வேற்றுமைப்பாடு அடைந்துகொண்டிருந்தவற்றிலும் அளவு குறைந்திருந்தது.

அதே ஆய்வின் அடுத்த பகுதி இன்னும் சுவையானது. சக்கரத்தில் ஓடும் எலிகளின் ஹிப்போகாம்பசில் நரம்பணு ஆக்கம் கூடும் என்பதை ஹென்ரியட் வான் பிராக், கெம்பர்மன், பிரெட் கேஜ் ஆகியோர் 1999-இலேயே காட்டியிருந்தனர். எலி ஓடுவதைக் குருத்தணு எப்படி அறிகிறது என்பது தீராத கேள்வி. ஓட்டம் தொடங்கியதும் உறங்குநிலை உயிரணுக்களில், ஏற்கெனவே உயர்ந்திருந்த ஆக்சிசன் இனங்களின் அளவு குறுகிய நேரத்துக்கு இன்னும் எழும்பியது. அதன் பிறகு அவை பிரியத் தொடங்கின. நாக்ஸ்-2 இல்லாத எலிகளில் இந்த எழுச்சி ஏற்படவில்லை. அவ்வெலிகளில் வழக்கமான நரம்பணு ஆக்கம் குறையவில்லை. ஓடுவதால் கிடைக்கவேண்டிய கூடுதல் பெருக்கம் மட்டும் காணாமற்போனது. நிலையான அளவும் திடீர் எழுச்சியும் வெவ்வேறு செய்திகள் என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய சோதனைகள் குறைவு.

ஒரே விலங்கின் ஒரே மூளையில் இரண்டு இடங்கள் ஏன் இவ்வாறு மாறுபடுகின்றன? நீரறைச் சுவரின் குருத்தணுக்கள் மூளைத்தண்டுவட நீரையும் இரத்தக் குழாய்களையும் தொட்டுக்கொண்டு, ஓரளவு தொடர்ச்சியான உற்பத்தியில் இருப்பவை. டென்டேட் மடிப்பின் குருத்தணுக்கள் நரம்பணுச் சுற்றுகளின் நடுவே அமர்ந்து, விலங்கின் நடத்தைக்கு ஏற்ப எப்போதாவது எழுப்பப்படுபவை. உயர்ந்த அளவில் காத்திருப்பது, அழைப்பு வந்த உடனே எல்லையைக் கடக்க வசதியாக இருக்கலாம் என்பது ஏற்கத்தக்க விளக்கம்.

நரம்பணுவா, துணை உயிரணுவா?

பெருகுவதோடு முடிவு எடுத்தல் நின்றுவிடுவதில்லை. பிறந்த உயிரணு எதுவாக மாறவேண்டும் என்பதிலும் ஆக்சிசனேற்ற நிலை தலையிடுகிறது. மார்க் நோபிள் குழு 2000-இல், ஒலிகோடென்ட்ரோசைட்டுகளை உண்டாக்கும் முன்னணுக்களில் இதனை ஆராய்ந்தது. உட்சூழல் ஒடுக்க நிலையில் இருந்தவை முன்னணுவாகவே நீடித்தன. ஆக்சிசனேற்ற நிலைக்குச் சாய்ந்தவை முதிர்ந்த உயிரணுக்களாக மாறின. முதிர்ச்சியைத் தூண்டும் தைராய்டு இயக்குநீர் உயிரணுவை ஆக்சிசனேற்றப் பக்கமாகவும், பெருக்கத்தை ஆதரிக்கும் வளர்ச்சிக் காரணி ஒடுக்கப் பக்கமாகவும் நகர்த்தின. வெளியிலிருந்து வரும் பல வகைச் செய்திகள் உள்ளே ஒரே தராசில் வந்து விழுகின்றன என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது.

பெர்லினிலிருந்து 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு சர்ட்-1 என்ற புரதத்தை மையமாகக் கொண்டது. சிறிதளவு ஆக்சிசனேற்றச் சூழலில் நரம்பு முன்னணுக்களின் பெருக்கம் குறைந்து, அவை நரம்பணுவை விட்டு ஆஸ்ட்ரோசைட்டின் பக்கம் திரும்பின. சர்ட்-1, எசு-1 என்ற காரணியுடன் சேர்ந்து, நரம்பணு ஆக்கத்திற்கு வேண்டிய மாஷ்-1 மரபணுவை அடக்குவதே காரணம். மூளை அழற்சியுள்ள விலங்குகளிலும் இதே போக்கு காணப்பட்டது. அழற்சிக்குப் பின் மூளையில் நரம்பணுக்கள் ஈடுசெய்யப்படாமல் ஆஸ்ட்ரோசைட்டுத் தழும்பு மிகுவதற்கு இது ஒரு விளக்கம்.

லெ பெல் ஆய்வில் ஆக்சிசன் இனங்கள் நரம்பணு ஆக்கத்தைக் கூட்டின. பெர்லின் ஆய்வில் ஆக்சிசனேற்றம் அதைக் குறைத்தது. இரண்டையும் முரண் என்று ஒதுக்குவதற்கு முன், செய்முறைகளைப் பார்க்க வேண்டும். குளுட்டாத்தயோன் போன்ற பாதுகாப்பு இருப்பைக் குறைத்து உயிரணு முழுவதையும் ஆக்சிசனேற்றப் பக்கம் தள்ளுவது வேறு. வெளிச்சவ்வில் நாக்ஸ் நொதி ஒரு மூலையில் துளித்துளியாகப் பெராக்சைடு விடுவது வேறு. வீடு முழுவதும் புகை பரவுவதும் அடுப்பில் தீ எரிவதும் ஒன்றல்ல.

இழைமணிகளின் வடிவம்

இழைமணிகள் பாடநூல் படங்களில் அவரை விதைபோல அசையாமல் இருக்கும். உயிருள்ள உயிரணுவில் அவை இடைவிடாமல் ஒன்றுடன் ஒன்று இணைந்து நீள்கின்றன, பிறகு துண்டாகின்றன. ஒட்டாவாவில் ரூத் ஸ்லாக் குழுவைச் சேர்ந்த மிரேய் காச்சோ முதலானோர் 2016-இல் இந்த வடிவ மாற்றமே குருத்தணுவின் தலைவிதியில் தலையிடுவதைக் காட்டினர். கரு எலியின் நரம்புக் குருத்தணுக்களில் இழைமணிகள் நீண்டிருந்தன. நரம்பணுவாக மாறும் பாதையில் காலடி வைத்த முன்னணுக்களில் அவை துண்டாகியிருந்தன. துண்டானபோது ஆக்சிசன் இனங்கள் மிதமாக உயர்ந்தன, அதனால் என்.ஆர்.எஃப்.-2 என்ற படியெடுத்தல் காரணி உட்கருவுக்குள் சென்று, குருத்தணு நிலையைக் காக்கும் நாட்ச் வழியை அடக்கும் மரபணுவை இயக்கியது. குருத்தணு நிலை கலைந்து வேற்றுமைப்பாடு தொடங்கியது. இழைமணிகள் இணைய முடியாதவாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகளில் குருத்தணு இருப்பு கரைந்து, கற்றல் திறனும் பாதிக்கப்பட்டது.

என்.ஆர்.எஃப்.-2 பொதுவாக எதிர் ஆக்சிசனேற்ற நொதிகளை இயக்கும் பாதுகாப்புக் காரணியாகவே அறியப்பட்டது. ஆபத்துக் காலத்தில் ஒலிக்கும் மணியே இங்கே பள்ளி விட்டதற்கும் அடிக்கப்படுகிறது.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் பியர் வாண்டர்ஹேகன் குழு 2020-இல் இதற்கு நேரக் கணக்கைச் சேர்த்தது. குருத்தணு பிரிந்த உடனே, குருத்தணுவாகவே நீடிக்கவிருக்கும் சேயணுவில் இழைமணிகள் மீண்டும் இணைகின்றன. துண்டாகவே நீடித்தால் அந்தச் சேயணு நரம்பணு ஆகிறது. பிரிவுக்குப் பின் ஒரு குறுகிய காலத்திற்குள் இழைமணிகளைச் செயற்கையாக இணைத்தால், நரம்பணு ஆகவிருந்த சேயணுவும் குருத்தணுவாகத் திரும்புகிறது. அந்தக் காலம் கடந்துவிட்டால் பயனில்லை. மனித உயிரணுக்களில் இந்தக் காலம் எலியினுடையதைப் போல இரு மடங்கு. மனிதக் குருத்தணுக்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் திறன் மிகுந்தவையாக இருப்பதோடு இது பொருந்துகிறது. இவ்வாய்வில் முன்னிறுத்தப்பட்டது ஆக்சிசன் இனங்கள் அல்ல, சர்ட்-1 புரதமே என்பதையும் குறிப்பிட வேண்டும். இழைமணியிலிருந்து உட்கருவுக்குச் செல்லும் செய்திப் பாதை ஒன்று மட்டுமன்று.

புதிதாகப் பிறந்த நரம்பணுக்களில் ஆக்சிசன் இனங்களும் இழைமணிப் புரதங்களும் மிகுவதை மரினா சத்மலி முதலானோர் 2005-இலேயே பதிவு செய்திருந்தனர். நரம்பணு, குருத்தணுவை விடப் பெருமளவு ஆக்சிசனைச் செலவிடும் உயிரணு. எனவே இந்த உயர்வில் எவ்வளவு பங்கு மாற்றத்துக்குக் காரணம், எவ்வளவு அதன் விளைவு என்பதை ஒவ்வோர் ஆய்வும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

தடைகள் உடையும்போது

குருத்தணுக்கள் ஆக்சிசன் இனங்களைப் பயன்படுத்திக்கொண்டாலும், அவற்றுக்கு எல்லை வகுக்கும் ஏற்பாடுகளையும் வைத்திருக்கின்றன. ஃபாக்ஸ்-ஓ குடும்பப் படியெடுத்தல் காரணிகள் நீக்கப்பட்ட எலிகளில் நரம்புக் குருத்தணுக்கள் இளமையில் அளவுக்கு மீறிப் பெருகி, பின்னர் தீர்ந்துபோயின என்பதை 2009-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பி.ஆர்.டி.எம்.-16 என்ற காரணி இல்லாதபோதும் குருத்தணுக்கள் குறைந்தன. அங்கே என்-அசிட்டைல் சிசுட்டீன் என்னும் எதிர் ஆக்சிசனேற்றியைக் கொடுத்தபோது மூளைக் குருத்தணுக்களின் இழப்பு ஓரளவு சரியானது. சில நிலைமைகளில் எதிர் ஆக்சிசனேற்றிகள் உண்மையிலேயே உதவுகின்றன என்பதற்கு இது சான்று.

மருத்துவத்தில் இந்த எல்லை மீறப்படுவது கதிர்வீச்சு சிகிச்சையின்போது. அயனியாக்கும் கதிர்வீச்சு உடலிலுள்ள நீரை உடைத்து ஐதராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்குகிறது. பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களே இதற்கு எளிதில் இரையாகின்றன. மூளைக் கட்டிக்காகத் தலையில் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகள் உயிர் பிழைத்த பிறகு படிப்பிலும் நினைவாற்றலிலும் பின்தங்குவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். 2002-இல் மிஷல் மோன்ஜே, தியோ பால்மர் முதலானோர் எலிகளில் காட்டியது: கதிர்வீச்சுக்குப் பின் ஹிப்போகாம்பசில் நரம்பணு ஆக்கம் ஏறக்குறைய நின்றுபோகிறது, தப்பிய குருத்தணுக்களும் துணை உயிரணுக்களை உண்டாக்கும் பக்கம் சாய்கின்றன. இதில் குருத்தணுவின் குறை பாதிதான். சுற்றியுள்ள சூழலில் நீடித்த அழற்சியே நரம்பணு ஆக்கத்தைத் தடுத்தது என்பதும், அழற்சியைக் குறைக்கும் இன்டோமெத்தசின் கொடுத்தால் அது ஓரளவு மீள்கிறது என்பதும் அடுத்த ஆண்டு தெரியவந்தன. இந்த அறிவு நோயாளிகளின் படுக்கை வரை வந்துவிட்டது. மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு முழுமூளைக் கதிர்வீச்சு தரும்போது ஹிப்போகாம்பசை மட்டும் விலக்கித் தரும் முறை வளர்ந்த நோயாளிகளில் சோதிக்கப்பட்டு, அறிதிறன் இழப்பைக் குறைப்பது 2020-இல் வெளியான மருத்துவ ஆய்வில் உறுதியானது.

எதிர் ஆக்சிசனேற்றி மாத்திரைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஆக்சிசன் இனங்கள் தீயவை, ஆகவே அவற்றைத் துடைக்கும் எதுவும் நல்லது என்ற விளம்பர வாதம் குருத்தணு ஆய்வுகளோடு ஒத்துப்போவதில்லை. 2009-இல் மைக்கேல் ரிஸ்டோ குழு செய்த ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலினின் செயல்திறன் கூடியது. நாள்தோறும் 1000 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி-யும் 400 அலகு உயிர்ச்சத்து ஈ-யும் சேர்த்து உண்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அது தசையைப் பற்றியது, மூளையைப் பற்றியதன்று. எனினும் ஓடும் எலியின் ஹிப்போகாம்பசில் நாக்ஸ்-2 இல்லாதபோது நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. காய்கறி, பழங்களில் இயல்பாக உள்ள அளவுகளைப் பற்றிய எச்சரிக்கையாக இதைக் கொள்ளத் தேவையில்லை. பேசப்படுவது மிகை அளவு மாத்திரைகள்.

அளவிடுவதில் உள்ள இடர்கள்

இத்துறையில் முரண்பட்ட முடிவுகள் மிகுதியாக இருப்பதற்கு அளவிடும் கருவிகளும் காரணம். நெடுங்காலமாகப் பயன்படும் டி.சி.எஃப். வகைச் சாயம் ஆக்சிசனேற்றமடைந்தால் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது. ஆனால் அது ஐதரசன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்சிடேசு நொதிகளோ நடுவில் வேண்டும். போதாக்குறைக்கு, அச்சாயம் வினைபுரியும்போது தானே சூப்பராக்சைடை உண்டாக்கக் கூடியது. ஒளிர்வு கூடியது என்பதிலிருந்து எந்த மூலக்கூறு, எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்ல முடியாது. 2006-இல் மாஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கிய ஹைப்பர் என்னும் உணரி இதற்கு ஒரு மாற்று. ஈ. கோலை பாக்டீரியாவில் பெராக்சைடை உணரும் ஆக்சி-ஆர் புரதத்தோடு ஒளிரும் புரதத்தை இணைத்துச் செய்யப்பட்ட இதை, மரபணு வழியாக உயிரணுவின் குறிப்பிட்ட பகுதிக்குள் பொருத்தலாம்.

வளர்ப்புத் தட்டே மற்றொரு சிக்கல். வழக்கமான வளர்ப்புப் பெட்டியில் ஆக்சிசன் ஏறக்குறைய 20 விழுக்காடு. உயிருள்ள மூளைத் திசுவிலோ சில விழுக்காடு மட்டுமே. லோரன்ஸ் ஸ்டூடர் முதலானோர் 2000-இல் எலியின் நடுமூளை முன்னணுக்களை 3 விழுக்காடு ஆக்சிசனில் வளர்த்தபோது அவை கூடுதலாகப் பெருகின, குறைவாக இறந்தன, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கூடுதலாகத் தந்தன. பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமின் நரம்பணுக்களே என்பதால், அவற்றைத் தட்டில் வளர்த்து மூளையில் பதியம் வைக்க முயல்வோருக்கு இது வெறும் நுட்பக் குறிப்பு அன்று. இயல்பை விடப் பல மடங்கு ஆக்சிசனில் வைக்கப்பட்ட உயிரணுவில் ‘இயல்பான’ ஆக்சிசன் இனங்களின் அளவு என்று எதைக் கொள்வது என்ற கேள்வி, தட்டில் செய்யப்பட்ட எல்லா ஆய்வுகளுக்கும் பொருந்தும்.

மனித மூளையில்

மேற்கண்ட முடிவுகளில் பெரும்பாலானவை எலி, சுண்டெலி ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டவை. கருவிலுள்ள மனித மூளையில் நரம்புக் குருத்தணுக்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. வளர்ந்தோரில்தான் கருத்து வேறுபாடு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐக் கொண்டு நரம்பணுக்களின் வயதைக் கணக்கிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வு, ஒவ்வொரு ஹிப்போகாம்பசிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 புதிய நரம்பணுக்கள் சேர்கின்றன என்று மதிப்பிட்டது. 2018-இல் ஒரு மாத இடைவெளியில் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று, குழந்தைப் பருவத்துக்குப் பின் புது நரம்பணு கண்டறிய முடியாத அளவுக்கு அருகிவிடுகிறது என்றது. மற்றொன்று முதுமையிலும் அது தொடர்கிறது என்றது. இறந்தவரின் மூளை எவ்வளவு நேரம் கழித்து, எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து இளம் நரம்பணுவின் அடையாளப் புரதங்கள் மறைந்துவிடலாம் என்பதால் விவாதம் நீள்கிறது. பதப்படுத்திய திசுவில் ஐதரசன் பெராக்சைடின் உயிர்கால அளவைப் பார்க்க வழியே இல்லை. ஆகவே மனிதரைப் பொறுத்தவரை, தோல் உயிரணுக்களைப் பின்னோக்கித் திருப்பிப் பெறப்படும் குருத்தணுக்களும் அவற்றிலிருந்து வளர்க்கப்படும் சிறு மூளைத் திசு உருண்டைகளுமே இக்கேள்விகளை நேரில் சோதிப்பதற்கான முக்கியக் களமாக இருக்கின்றன. அந்த உருண்டைகளின் நடுப்பகுதிக்கு ஆக்சிசன் சரிவரச் சென்று சேராமல் உயிரணுக்கள் மடிவது, அவற்றை வளர்ப்போர் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்றாகும்.